எந்த கோர்ஸ் எடுக்கலாம் மேடம்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததுலருந்து நம்ம பகுதிக்கு வர்ற லெட்டர், மெயில், வாட்ஸ்அப் எல்லாத்துலயும் ஒரே பேச்சுதான், எந்த கோர்ஸ் எடுக்கறது, எதுக்கு ஸ்கோப் இருக்கு, எத எடுத்தா வேலை நிச்சயம்னு. அதனால இந்த தடவ பகுதி முழுக்க அதுக்கே ஒதுக்கிட்டேன். காலேஜ்ல பாடம் நடத்தி, அட்மிஷன் கமிட்டியிலயும் உக்காந்தவங்கற முறையில எல்லாருக்கும் பொதுவா ஒண்ணு சொல்லிக்கறேன். கோர்ஸோட பேர வச்சு முடிவெடுக்காதீங்க. யுனிவர்சிட்டி வெப்சைட்லயோ காலேஜ் வெப்சைட்லயோ சிலபஸ் இருக்கும், அத டவுன்லோட் பண்ணி முதல் செமஸ்டர்லருந்து கடைசி செமஸ்டர் வரைக்கும் என்னென்ன பேப்பர் எழுதப் போறோம்னு ஒரு தடவ உக்காந்து படிங்க. கோர்ஸ்ல சேர்றதுன்னா அந்த பேப்பர்களத்தான் மூணு வருஷமோ நாலு வருஷமோ படிக்கப் போறீங்க.

என் இன்ஜினியரிங் கட்-ஆஃப் 200-க்கு 168. வீட்ல கம்ப்யூட்டர் சயின்ஸ் இல்லன்னா ஏ.ஐ. டேட்டா சயின்ஸ், ரெண்டுல ஒண்ணுதான்னு சொல்றாங்க. போன வருஷ லிஸ்ட் பாத்தா நல்ல காலேஜ்ல இ.சி.இ. (எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன்) கிடைக்கும் போல இருக்கு. காலேஜ் முக்கியமா, கோர்ஸ் முக்கியமா? சாய்ஸ் லிஸ்ட் எப்படி போடணும்னும் சொல்லுங்க மேடம்.
– மாணவர், விருதுநகர்

தம்பி, லிஸ்ட் போடறதுல இருந்து ஆரம்பிக்கிறேன், ஏன்னா அங்கதான் நிறைய பசங்க கோட்ட விடறாங்க. இன்ஜினியரிங் கவுன்சிலிங்ல எத்தன சாய்ஸ் வேணும்னாலும் போடலாம், லிமிட் கிடையாது. கம்ப்யூட்டர் உன் லிஸ்ட்ட மேலருந்து கீழ பாத்துக்கிட்டே வரும், உன் ரேங்குக்கும் கம்யூனிட்டிக்கும் எந்த இடம் முதல்ல காலியா இருக்கோ அத குடுத்துட்டு நின்னுடும். அதனால 'கிடைக்குமோ கிடைக்காதோ'ன்னு பயந்து சேஃபா ஒரு காலேஜ முதல்ல போட்டேன்னா அதுவே வந்துடும், அதுக்கு கீழ நீ ஆசப்பட்டு போட்டதெல்லாம் பாக்கவே மாட்டாங்க. ரொம்ப பிடிச்சது முதல்ல, அதுக்கடுத்து பிடிச்சது ரெண்டாவதுன்னு வரிசையா போடு. எட்டாதுன்னு தோணறத மேல போட்டா உனக்கு ஒரு நஷ்டமும் இல்ல.

காலேஜ் பேர மட்டும் பாக்காத, கோட் நம்பர பாரு. ஒரே மாதிரி பேர்ல, இனிஷியல் மட்டும் மாறி, வேற வேற மாவட்டத்துல காலேஜ் இருக்கு. நாமக்கல்னு நெனச்சு கிளிக் பண்ணா காஞ்சிபுரத்துல கிடைக்கும். ஒரு நோட்டுல கோட், காலேஜ், ஊரு, கோர்ஸ்னு நாலு கட்டம் போட்டு எழுதி வச்சிக்கிட்டு, அப்பாவையோ அண்ணனையோ வாசிக்க சொல்லிட்டு நீ டைப் பண்ணு, லாக் பண்றதுக்கு முன்னாடி இன்னொரு தடவ சரி பாரு. தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் கிடைச்சத ஏத்துக்கிட்டு சேரலாம், இல்ல ஏத்துக்கிட்டே மேல உள்ள சாய்ஸ் காலியானா அத குடுங்கன்னும் கேக்கலாம். இந்த ரெண்டாவது வழி இருக்கறதே நிறைய பேருக்கு தெரியல, பதட்டத்துல முதல் ஆப்ஷனயே அமுக்கிடறாங்க.

இப்ப காலேஜா கோர்ஸா. அண்ணா யுனிவர்சிட்டியோட 2021 ரெகுலேஷன் (பாடத்திட்ட விதி) சிலபஸ எடுத்து பாரு, சி.எஸ்.இ.ன்னு சொல்ற கம்ப்யூட்டர் சயின்ஸ்லயே மூணாவது செமஸ்டர்ல டேட்டா சயின்ஸ் அடிப்படைன்னு ஒரு பேப்பர், நாலாவது செமஸ்டர்ல ஏ.ஐ. மெஷின் லேர்னிங்னு ஒரு பேப்பர் இருக்கு. ஏ.ஐ. டேட்டா சயின்ஸ் கோர்ஸ்லயும் டேட்டா ஸ்ட்ரக்சர், ஆபரேட்டிங் சிஸ்டம், டேட்டாபேஸ் எல்லாம் வரும். பேர்ல தெரியற அளவு வித்தியாசம் பாடத்துல கிடையாது. அத விடு, முதல் செமஸ்டர்ல பைத்தான் பேப்பர் மெக்கானிக்கல், சிவில் உட்பட எல்லா பிராஞ்சுக்கும் வச்சிருக்காங்க. இ.சி.இ. எடுத்தா கம்ப்யூட்டர் கதவு சாத்திடும்னு வீட்ல பயப்படறாங்கன்னா இந்த சிலபஸ அவங்க கையிலயே குடு. (ரெகுலேஷன் மாறிக்கிட்டே இருக்கும், உன் பேட்ச்சுக்கு எதுன்னு பாத்துக்கோ. அட்டானமஸ், அதாவது தன்னாட்சி காலேஜ்னா சிலபஸே அவங்களோடது.)

என் அபிப்பிராயம் கேட்டா, வாத்தியாரும் லேபும் இல்லாத காலேஜ்ல கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுக்கறத விட, ஒழுங்கா நடக்கற காலேஜ்ல இ.சி.இ. எடு. ஆனா ஒரு நிபந்தன, இ.சி.இ. சிலபஸ்ல வர்ற சிக்னல்ஸ், சர்க்யூட்ஸ், எலக்ட்ரோமேக்னெட்டிக் ஃபீல்ட்ஸ் இதெல்லாம் பாத்து உனக்கு வயித்த கலக்கக் கூடாது. பிளஸ் டூ பிசிக்ஸ்ல மின்னியல் பாடம் பிடிச்சு படிச்சியா, மார்க்குக்காக மனப்பாடம் பண்ணியான்னு நீயே யோசிச்சா பதில் வந்துடும். காலேஜ் ஒழுங்கா நடக்குதான்னு பாக்க, அண்ணா யுனிவர்சிட்டி காலேஜ் வாரியா பாஸ் பர்சன்டேஜ் வெளியிடுது, நாலஞ்சு செமஸ்டர் லிஸ்ட்ட சேத்து பாரு. அட்டானமஸ் காலேஜ் அவங்களே கொஸ்டின் பேப்பர் போட்டு அவங்களே திருத்தறதால அந்த நம்பரையும் இந்த நம்பரையும் பக்கத்துல வச்சு கம்பேர் பண்ணாத.

வீட்ல யாரும் டிகிரி முடிக்கலன்னா முதல் பட்டதாரி சான்றிதழ் இப்பவே வாங்கி வச்சிரு, ட்யூஷன் ஃபீஸ்ல சலுக உண்டு. ஆறாவதுலருந்து பன்னெண்டாவது வரைக்கும் கவர்மென்ட் ஸ்கூல்னா 7.5 சதவீத ஒதுக்கீட்டுல பாரு, அதுல சீட் கிடைச்சா ட்யூஷன், ஹாஸ்டல் செலவ அரசாங்கமே ஏத்துக்குது.

என் பொண்ணு பன்னெண்டாவது வரைக்கும் கவர்மென்ட் ஸ்கூல்ல தமிழ் மீடியம். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1 எழுதணும்னு ஒன்பதாவதுலருந்தே சொல்லிக்கிட்டு இருக்கா. பி.ஏ. வரலாறு எடுக்கறேங்கறா. என் தம்பி, 'ஹிஸ்டரி படிச்சு என்னக்கா பண்ணப் போறா, பி.சி.ஏ. சேத்து விடு'ன்னு தினமும் சண்ட. எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல மேடம்.
– ஒரு அம்மா, திருவாரூர்

அம்மா, உங்க பொண்ணுதான் தெளிவா இருக்கா. தம்பி அக்கறையில பேசறார், அவர்கிட்ட கோவப்படாதீங்க, ஆனா இந்த விஷயத்த அவருக்கு சொல்லுங்க. டி.என்.பி.எஸ்.சி. நடத்தற அரசு வேலைத் தேர்வுகள்ல தமிழ் வழியில படிச்சவங்களுக்கு 20 சதவீதம் முன்னுரிம இருக்கு. 2010-ல வந்த சட்டம். 2020-ல அத திருத்தி, டிகிரி மட்டும் தமிழ்ல படிச்சா போதாது, பள்ளிக்கூடத்துலருந்தே தமிழ் வழியா இருக்கணும்னு கொண்டு வந்துட்டாங்க. உங்க பொண்ணு பன்னெண்டு வருஷம் தமிழ் மீடியம் படிச்சாச்சு. இப்ப டிகிரிய இங்கிலீஷ் மீடியத்துல எடுத்தா குரூப் 1, குரூப் 2-ன்னு டிகிரி தகுதி கேக்கற பரீட்சைக்கு அந்த 20 சதவீதம் கைய விட்டு போயிடும். பன்னெண்டு வருஷமா சேத்து வச்சது ஒரு அப்ளிகேஷன்ல போயிடும்னா பாருங்க. இத அட்மிஷன் நேரத்துல யாரும் சொல்றதில்ல, மூணு வருஷம் கழிச்சு நோட்டிஃபிகேஷன் படிக்கும்போதுதான் பிள்ளைங்களுக்கு தெரியுது, அப்ப ஒண்ணும் பண்ண முடியாது. இத எத்தன தடவ எழுதினாலும் எனக்கு ஆறல.

கவர்மென்ட் ஆர்ட்ஸ் காலேஜ் பலதுலயும் பி.ஏ. வரலாறு தமிழ் வழி இருக்கு. சில காலேஜ்ல ஒரே டிபார்ட்மென்ட்ல தமிழ் வழி ஒரு பிரிவு, ஆங்கில வழி ஒரு பிரிவுன்னு இருக்கும், அப்ளிகேஷன்ல மீடியம் கட்டத்த சரியா தேர்ந்தெடுக்கணும். சேந்த அன்னைக்கே அட்மிஷன் ரசீதுலயோ ரெஜிஸ்டர்லயோ தமிழ் வழின்னு பதிவாகியிருக்கான்னு பாத்துக்கோங்க. முடிச்சதும் காலேஜ்ல தமிழ் வழிச் சான்றிதழ அதுக்குன்னு உள்ள படிவத்துல வாங்கிடணும்.

குரூப் 1-க்கு எந்த டிகிரியா இருந்தாலும் சரி, அப்ப பி.சி.ஏ.வும் சரிதானன்னு தம்பி கேப்பார். வரலாறு சிலபஸ்ல இந்திய வரலாறு, தமிழ்நாட்டு வரலாறு, விடுதலைப் போராட்டம், அரசியலமைப்புன்னு வர்றதுல பெரும்பகுதி பொது அறிவு பேப்பருக்கு அப்படியே உதவும், ஒரே படிப்புக்கு ரெண்டு பலன். மெயின்ஸ்ல, அதாவது முதன்மைத் தேர்வுல தமிழ் தகுதித் தாள் இருக்கு, அதுல 40 சதவீதம் எடுக்கலன்னா மத்த பேப்பர திருத்தவே மாட்டாங்க, தமிழ் மீடியம் பிள்ளைக்கு அங்கயும் கவல இல்ல. பரீட்சை தள்ளிப் போனாலும் பி.எட். ரெண்டு வருஷம், டெட்ங்கற ஆசிரியர் தகுதித் தேர்வுன்னு டீச்சர் வழியும் இருக்கு. ஆனா ஒண்ண பொண்ணுகிட்ட சொல்லுங்க, தமிழ் மீடியம்னா இங்கிலீஷ் பேப்பர் இல்லாம போயிடாது, பார்ட் 2-ன்னு இங்கிலீஷ் பாடம் இருக்கு, அத பாஸ் மார்க்குக்கு மட்டும் படிக்காம நல்லா படிக்கணும்.

புதுமைப் பெண் திட்டத்துல மாசம் 1000 ரூபா அவ அக்கவுண்ட்டுக்கே வரும், காலேஜ்ல சேந்ததும் அப்ளை பண்ணச் சொல்லுங்க. அந்த காசு அவளோட புக்குக்கும் பஸ்ஸுக்கும் இருக்கட்டும்.

பி.காம்.னு போனா ஜெனரல், சி.ஏ., பி.ஏ., சி.எஸ்., பேங்க் மேனேஜ்மென்ட், அக்கவுண்டிங் அண்ட் ஃபைனான்ஸ்னு ஒரு லிஸ்ட்ட நீட்டறாங்க. நான் ஆடிட்டர் ஆகணும். பி.காம். சி.ஏ.தான எடுக்கணும்?
– மாணவி, சேலம்

இல்லம்மா! பி.காம். சி.ஏ.ன்னா கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ், ஆடிட்டர் படிப்பு சி.ஏ.வுக்கும் அதுக்கும் சம்பந்தம் கிடையாது. வருஷா வருஷம் இப்படி நெனச்சு சேர்ற பிள்ளைங்க இருக்காங்க, அதனாலதான் உன் கேள்விய போட்டேன். ஆடிட்டர் ஆகறதுக்கு ஐ.சி.ஏ.ஐ.ங்கற ஆடிட்டர்கள் அமைப்பு நடத்தற பரீட்சை தனி. பிளஸ் டூ முடிச்சதும் ஃபவுண்டேஷன், அப்புறம் இன்டர், ஆர்ட்டிகிள்ஷிப் (ஆடிட்டர்கிட்ட வேலைப் பயிற்சி), ஃபைனல். ஃபவுண்டேஷன்ல அக்கவுண்டிங், பிசினஸ் லா, குவான்டிடேட்டிவ் ஆப்டிட்யூட், எகனாமிக்ஸ்னு நாலு பேப்பர். ஆர்ட்டிகிள்ஷிப் முன்ன மூணு வருஷம், 2023-ல வந்த புது ஸ்கீம்ல ரெண்டு வருஷமா கொறச்சிட்டாங்க.

காலேஜுக்கு பி.காம். ஜெனரலே உனக்கு போதும், அக்கவுண்ட்ஸ், காஸ்டிங், இன்கம் டாக்ஸ், ஆடிட்டிங் எல்லாம் அதுல வந்துடும். நீ பாக்க வேண்டியது டைம். சென்னை மாதிரி ஊர்ல ஷிஃப்ட் 1 (காலை நேர வகுப்பு) மதியம் முடிஞ்சிடும், மிச்ச நேரம் கோச்சிங் போகலாம். சேலத்துல நீ பாக்கற காலேஜ் எத்தன மணிக்கு விடுதுன்னு கேட்டுட்டு சேரு.

இன்னொண்ணு, இது பி.காம். மட்டுமில்ல, எல்லாருக்கும். ரொம்ப புதுசா, நீளமா பேர் வச்ச டிகிரியா இருந்தா கவர்மென்ட் வேலைக்கு போகும்போது 'இது அந்த டிகிரிக்கு ஈக்விவலன்ட்டா'ன்னு கேள்வி வரும். அரசு ஆணை இருந்தா சரி, இல்லன்னா சர்டிபிகேட் வெரிஃபிகேஷன்ல நிறுத்திடுவாங்க. டீச்சர் வேலை, லெக்சரர் வேலைன்னு கனவு இருக்கறவங்க சேர்றதுக்கு முன்னாடியே டிபார்ட்மென்ட்ல இத கேட்டுடுங்க.

பி.எஸ்சி. பிசிக்ஸ் சேந்து மூணு வாரம் ஆச்சு. ஒண்ணுமே புரியல மேடம். பன்னெண்டாவதுல பிசிக்ஸ்ல நல்ல மார்க். இப்ப கிளாஸ்ல உக்காந்தா அழுகையா வருது. தமிழ் டிபார்ட்மென்ட்டுக்கு மாறிடலாமான்னு இருக்கேன். மாற முடியுமா?
– மாணவர், தர்மபுரி மாவட்டம்

முடியும் கண்ணு. வேற டிபார்ட்மென்ட்ல சீட் காலியா இருந்து, உனக்கு தகுதியும் இருந்தா, ஆரம்ப வாரங்கள்ல ரெண்டு ஹெச்.ஓ.டி.யோட (துறைத் தலைவர்) கையெழுத்தும் வாங்கி பிரின்சிபாலுக்கு லெட்டர் குடுத்தா மாத்துவாங்க. யுனிவர்சிட்டிக்கு பேர் அனுப்பிட்டா கஷ்டம், அதனால தள்ளிப் போடாத.

ஆனா லெட்டர் எழுதறதுக்கு முன்னாடி ஒண்ணு யோசி. உனக்கு புரியாம போனது பிசிக்ஸா, இங்கிலீஷா? நீ தமிழ் மீடியம்னு எழுதல, ஆனா உன் லெட்டர் முழுக்க படிச்சா அப்படித்தான் தெரியுது. நேத்து வரைக்கும் உந்தம், நிலைமம், முடுக்கம்னு படிச்ச பையன் முன்னாடி ஒருத்தர் வந்து மொமென்ட்டம், இனர்ஷியா, ஆக்சிலரேஷன்னு கடகடன்னு சொல்லிட்டு போனா யாருக்குத்தான் புரியும்? பாடம் உனக்கு தெரிஞ்சதுதான். என் கிளாஸ்ல முதல் பெஞ்ச்ல உக்காந்து ஒரு வார்த்த பேசாம தலய குனிஞ்சுக்கிட்டே இருக்கற பசங்கள பாத்திருக்கேன், தனியா கூப்பிட்டு தமிழ்ல கேட்டா டாண் டாண்னு பதில் வரும்.

ஒரு வேலை செய். பிளஸ் ஒன், பிளஸ் டூ பிசிக்ஸ் புத்தகம் ரெண்டு மீடியத்துலயும் அரசாங்க வெப்சைட்ல இலவசமா இருக்கு. இங்கிலீஷ் புக்க எடு, உன் தமிழ் புக்க பக்கத்துல வை, ரெண்டுலயும் அதே பாடம், அதே படம், அதே கணக்கு. தினம் ஒரு பாடம் ரெண்டையும் மாத்தி மாத்தி படி, வர்ற வார்த்தைகள ஒரு நோட்டுல எழுது. முதல் செமஸ்டர்ல வர்றது பெரும்பாலும் பிளஸ் டூ பாடத்தோட நீட்சிதான், மெக்கானிக்ஸ், ப்ராப்பர்டீஸ் ஆஃப் மேட்டர் எல்லாம் உனக்கு பழகினது. பத்து நாள்ல வித்தியாசம் தெரியும். பரீட்சைய தமிழ்ல எழுத அனுமதி இருக்கான்னும் டிபார்ட்மென்ட்ல கேளு, கேக்கறதுல தப்பே இல்ல.

அப்படி செஞ்சும் பிசிக்ஸ் மேல ஆச வரலன்னா, தமிழ்தான் மனசுல இருக்குன்னா, தைரியமா மாறிக்கோ. தமிழ் டிபார்ட்மென்ட் ஒளிஞ்சுக்கற இடம் கிடையாது, அங்க தொல்காப்பியம், நன்னூல்னு இலக்கணமே தனித்தனி பேப்பரா படிக்கணும். பிடிச்சு போறவனுக்கு அது சொர்க்கம், பயந்து போறவனுக்கு அங்கயும் அழுகதான்.

பி.எஸ்சி. மேத்ஸ் சேரப் போறேன். பார்ட் 1, அதாவது மொழிப் பாடத்துல தமிழுக்கு பதிலா ஃபிரெஞ்சு எடுத்தா மார்க் அள்ளலாம்னு சீனியர் சொல்றாங்க. எடுக்கலாமா?
– மாணவி, சென்னை

ஃபிரெஞ்சு மேல ஆசன்னா எடும்மா, அதுவும் அழகான மொழி. மார்க்குக்காகன்னா வேண்டாம். எம்.எஸ்சி. அட்மிஷனுக்கு பெரும்பாலும் பார்ட் 3 மார்க்க, அதாவது உன் மேஜர் (முக்கியப் பாடம்), அலைடு (துணைப் பாடம்) மார்க்கத்தான் பாப்பாங்க, பார்ட் 1-ல நூத்துக்கு நூறு வாங்கினாலும் அங்க உதவாது. சீனியர் சொல்லாத இன்னொரு விஷயம், பன்னெண்டாவது வரைக்கும் தமிழ் படிச்சுட்டு பார்ட் 1-ல வேற மொழி எடுத்தா, பல யுனிவர்சிட்டி விதிப்படி நான் மேஜர் எலெக்டிவுக்கு (வேற டிபார்ட்மென்ட்ல எடுக்கற விருப்பப் பாடம்) பதிலா சிறப்புத் தமிழ் படிக்கணும். தமிழே படிக்காம வந்தவங்களுக்கு அடிப்படைத் தமிழ். ஆக தமிழ் எப்படியும் வரும், போறது உன் நான் மேஜர்தான்.

அந்த நான் மேஜர யாரும் மதிக்கறதில்ல, எனக்கு அது ரொம்ப வருத்தம். லிஸ்ட் வந்ததும் ஃபிரெண்டு எத எடுத்தாளோ அதுக்கே கிளாஸ் மொத்தமும் கை தூக்கும். உன் மூணு வருஷ படிப்புல உன் டிபார்ட்மென்ட்ட தாண்டி வெளிய போய் வேற ஒருத்தர்கிட்ட பாடம் கேக்க கிடைக்கற வாய்ப்பு அது. விலங்கியல்ல மண்புழு உரம் சொல்லிக் குடுப்பாங்க, தாவரவியல்ல காளான் வளர்ப்பு, தமிழ்ல இதழியல், காமர்ஸ்ல அடிப்படை அக்கவுண்ட்ஸ். மேத்ஸ் பொண்ணு நீ, இதழியலோ அக்கவுண்ட்ஸோ போய் உக்காரு, தனியா போனாலும் பரவால்ல.

பொண்ணுக்கு வெளி மாநிலத்துல நர்சிங் சீட் வாங்கித் தர்றேன்னு ஒரு ஏஜென்ட் வர்றார். ஒரிஜினல் சர்டிபிகேட்டும் அட்வான்ஸும் இன்னைக்கே குடுத்தாத்தான் சீட்டுங்கறார். குடுக்கலாமா?
– ஒரு அப்பா, ராமநாதபுரம்

குடுக்காதீங்க ஐயா. 'இன்னைக்கே'ன்னு அவசரப்படுத்தினாலே எந்திரிச்சு வந்துடுங்க. ஒரிஜினல் சர்டிபிகேட்ட சரி பாத்துட்டு திருப்பிக் குடுத்துடணும், காலேஜே வச்சிக்கக் கூடாதுன்னு பல்கலைக்கழக மானியக் குழு யு.ஜி.சி. சொல்லியிருக்கு, அப்படியிருக்க ஏஜென்ட் கையில எதுக்கு? நர்சிங் காலேஜுக்கு அந்த மாநில நர்சிங் கவுன்சில் அங்கீகாரம் இருக்கான்னு கவுன்சில் லிஸ்ட்டயே பாருங்க, ப்ரோஷர்ல போட்ட சீல நம்பாதீங்க. அங்கீகாரம் இல்லாத இடத்துல நாலு வருஷம் படிச்சாலும் நர்ஸா ரெஜிஸ்டர் பண்ண முடியாது, ரெஜிஸ்டர் பண்ணாம எந்த நல்ல ஆஸ்பத்திரியிலயும் எடுக்க மாட்டாங்க. நம்ம ஊர்லயே கவர்மென்ட் காலேஜும் இருக்கு, கவர்மென்ட் கோட்டா சீட்டும் இருக்கு, அதுக்கு முதல்ல அப்ளை பண்ணுங்க. வெளிய போயே ஆகணும்னா பொண்ண கூட்டிக்கிட்டு காலேஜ் நடக்கற நாள்ல நேர்ல போங்க, எந்த ஆஸ்பத்திரியில ட்ரெயினிங்னு கேட்டு அந்த ஆஸ்பத்திரிக்கும் ஒரு நட போயிட்டு வாங்க, ஹாஸ்டல்ல நம்ம ஊர் பிள்ளைங்க இருப்பாங்க, அவங்ககிட்ட பொண்ண தனியா பேச விடுங்க. பணத்த காலேஜ் அக்கவுண்ட்டுக்கு மட்டும் கட்டி ரசீது வாங்குங்க.

ரெகுலர்ல பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி படிச்சுக்கிட்டே ஐ.ஐ.டி. மெட்ராஸ் ஆன்லைன் டேட்டா சயின்ஸ் படிப்பும் படிக்கலாமா?
– மாணவர், நாகர்கோவில்

படிக்கலாம் தம்பி. ஒரே நேரத்துல ரெண்டு டிகிரி படிக்க யு.ஜி.சி. 2022-ல அனுமதி குடுத்துடுச்சு. ஐ.ஐ.டி.யோட அந்த பி.எஸ். படிப்புக்கு ஜே.இ.இ. நுழைவுத் தேர்வு தேவயில்ல, நாலு வாரம் பாடம் குடுத்து அதுலருந்தே குவாலிஃபையர்ங்கற தகுதிப் பரீட்சை வைப்பாங்க, பாஸ் பண்ணா சேரலாம். ஃபவுண்டேஷன், டிப்ளமோ, டிகிரின்னு படிப்படியா இருக்கு, நடுவுல நிறுத்தினா அதுவரைக்கும் முடிச்சதுக்கு சர்டிபிகேட் உண்டு. வீடியோ பாத்தா போதும்னு நெனச்சிடாத, வாரா வாரம் அசைன்மென்ட், பரீட்சை சென்டருக்கு நேர்ல போய்த்தான் எழுதணும். கெமிஸ்ட்ரியில லேப், ரெக்கார்டுன்னு சாயங்காலம் ஆயிடும், அதோட இதுவும் சேந்தா முதல் செமஸ்டர்லயே மூச்சு முட்டும். முதல் செமஸ்டர் ரிசல்ட் வரட்டும், அரியர் இல்லன்னா ரெண்டாவது செமஸ்டர்ல குவாலிஃபையருக்கு அப்ளை பண்ணு, ஒரு டெர்முக்கு ஒண்ணு ரெண்டு பேப்பர் மட்டும் எடுத்து ஆரம்பி. ஃபீஸ்ல கம்யூனிட்டிக்கும் குடும்ப வருமானத்துக்கும் ஏத்த சலுக இருக்கு, அதனால சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் ரெண்டையும் இப்பவே இ-சேவை மையத்துல எழுதிக் குடுத்து வாங்கி வச்சிக்கோ.